மட்டக்களப்பில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம். மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா?

கேட்டவர் ஆரையம்பதிக்காரர். கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுகிற கருவி) 900 காட்டுகிறதாம், தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிகிறதாம், மீன் கடைக்காரர் ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரைச் சவ்வு வழியே தள்ளிக் கரைந்ததை நீக்குகிற மெஷின்) போடச் சொல்கிறாராம். என்ன மீன் வளர்க்கிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

கப்பி, மொலி, பிளாட்டி, சோர்ட்டெயில் என்றால் காசைக் கையிலேயே வைத்திருங்கள். இவை கடினத் தண்ணீரில்தான் தெம்பாக இருக்கும். மொலி கொஞ்சம் சவர் கலந்த தண்ணீரிலும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளுக்கும் கடினத் தண்ணீர்தான் வேண்டும். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா, ராம் என்றால் கதை வேறு. அவை தென்னமெரிக்க ஆறுகளின் மென்மையான தண்ணீரில் பிறந்த இனங்கள். பண்ணையில் வளர்ந்தவை நம் தண்ணீரை ஓரளவு தாங்கும்; ஆனால் குஞ்சு எடுக்க ஆசைப்பட்டால் முட்டை பொரிக்காமல் வெள்ளையாகிப் போகும். எனக்கு டிஸ்கஸ் ஆசை வந்தது. அதனால்தான் இந்தப் பதில் நீளம்.

வீடு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும், சவர்க்காரம் நுரைக்காது. இந்தக் கரையோரம் முழுக்க மணல், அதில் சிப்பி ஓடு. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு போய் அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கடினம் வருவது அங்கே. அதோடு, நம் நல்ல தண்ணீர் மணலுக்குள் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படைதான். கச்சான் காற்று (தென்மேற்கில் இருந்து வருகிற வறண்ட காற்று) அடிக்கிற மாதங்களில் அந்தப் படை மெலிகிறது, எல்லோரும் மோட்டரைப் போட்டு இறைக்கிறோம், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறுகிறது. நம் கிணற்றில் இருப்பவை இரண்டு: சுண்ணாம்பு ஒன்று, உப்பு ஒன்று.

டி.டி.எஸ். மீட்டரால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துகிற அளவைப் பார்த்து ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். கறி உப்பைக் கரைத்தாலும் ஏறும், சுண்ணாம்பு கரைந்தாலும் ஏறும். என் கிணறு மாரியில் 640 காட்டும், ஆவணியில் 1,100 வரை போகும். ஆனால் கடினத்தைத் தனியாக அளந்தால் மாரியில் 15 பாகை, ஆவணியில் 18. நடுவில் ஏறியதில் பெரும்பகுதி உப்பு. ஆகவே உங்கள் 900 என்ற எண்ணை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஜி.எச்., கே.எச். என்று இரண்டு குப்பி இருக்கும். நான் பாவிக்கிற பெட்டியில் 5 மில்லிலீட்டர் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே எண்ண வேண்டும். ஜி.எச். செம்மஞ்சளில் இருந்து பச்சைக்கு மாறும், கே.எச். நீலத்தில் இருந்து மஞ்சளுக்கு. எத்தனையாவது சொட்டில் மாறுகிறதோ அத்தனை பாகை. ஒரு பாகை என்பது லீட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமன். 10 பாகையைத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பொதுக் கணக்கு.

ஜி.எச். என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினம். கே.எச். என்பது அமிலத்தைத் தாங்குகிற சக்தி. என் மீன்கள் செத்தது இரண்டாவதால்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

மெஷினுக்குக் காசு எடுத்து வைக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர் வருகிறதா? மட்டக்களப்புக் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். மழை நிரப்பிய குளம் என்பதால் கரையோரக் கிணற்றை விட அதன் கடினம் மிகக் குறைவாக இருக்கும். வாளியில் பிடித்துக் காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரினும் போய்விடும். என் நண்பன் ஒருவன் மெஷின் வாங்க என்னிடம் யோசனை கேட்டு வந்தான். அவன் வீட்டுக் குழாயைச் சோதித்துப் பார்த்தோம். கார்டினல் டெட்ராவுக்கு அதுவே போதும். கிணற்றுத் தண்ணீர்தான் மீனுக்கு நல்லது, குழாயில் மருந்து இருக்கிறது என்று அவனும் பழக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

குழாய் இல்லை, கிணறு மட்டும்தான் என்றால் ஆர்.ஓ.வுக்கு நிகராக வேறு வழி சொல்ல எனக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினம் மட்டும் படிந்து போகும், உப்பு அப்படியே இருக்கும். மென்னீராக்கும் ரெசின் உருளை கல்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும். ஏற்கெனவே சவர்த் தண்ணீரில் அது எதற்கு? வாதுமை இலை போட்டால் தண்ணீர் தேயிலை நிறமாகும், மீனுக்கும் பிடிக்கும், ஆனால் 15 பாகைக் கடினத்தை அது அசைக்காது. ஆர்.ஓ. சவ்வு ஒன்றுதான் சுண்ணாம்பு, உப்பு என்று பார்க்காமல் கரைந்ததில் 90 வீதத்துக்கு மேல் பிடித்து வைத்துவிடும். என் மெஷினில் 780 உள்ளே போனால் 25க்குக் கிட்ட வெளியே வரும்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் குடிநீர் மெஷின்கள். அவற்றில் பலவற்றின் கடைசி உருளை ருசிக்காகக் கனிமம் சேர்க்கிற உருளை. நீங்கள் காசு கொடுத்து எடுத்த கல்சியத்தை அது திரும்பப் போடும். சவ்வுக்கும் அந்த உருளைக்கும் நடுவில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டு மீனுக்கான குழாயைத் தனியாக எடுங்கள். அமுக்கத்தையும் கவனியுங்கள். 10 மீற்றர் உயரத் தாங்கியே 14 பி.எஸ்.ஐ.தான் தரும், சவ்வுக்கு 50, 60 வேண்டும். அமுக்கத்தைக் கூட்டுகிற பூஸ்டர் பம்ப் இல்லாமல் வாங்கினால் சொட்டுச் சொட்டாக வடியும், அந்தத் தண்ணீரும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. 75 ஜி.பி.டி. என்று எழுதியிருப்பது நாளுக்கு 75 அமெரிக்கக் கலன், அதாவது 284 லீட்டர். அந்தக் கணக்கு சரியான அமுக்கத்தில் மட்டும். குழாய்த் தண்ணீரை மெஷினுக்குள் விடுகிறவர்கள் காபன் உருளையை நேரத்துக்கு மாற்ற வேண்டும். குளோரின் சவ்வை அரித்துவிடும்.

கழிவுத் தண்ணீர்தான் எங்கள் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. ஒரு லீட்டர் நல்லது வந்தால் மூன்று லீட்டர் வெளியே போகிறது. அது அழுக்கு இல்லை, கொஞ்சம் கூடுதல் உப்பான கிணற்றுத் தண்ணீர். 780 உள்ளே போனால் கழிவில் ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். நான் முதலில் குழாயைக் கிணற்றடியிலேயே விட்டிருந்தேன். மணல் தரை. உறிஞ்சிக்கொண்டு அதே கிணற்றுக்குத்தான் போகும் என்பது மாதக் கணக்கில் உறைக்கவில்லை. இப்போது ஒரு பரலில் பிடித்துக் கழிவறைக்கும் முற்றம் கழுவவும் எடுக்கிறோம், மிச்சம் தென்னைக்கு. தென்னை தாங்கும். அம்மாவின் மிளகாய்க் கன்றுகள் தாங்கவில்லை.

இனி மீன் செத்த கதை. மெஷின் வந்த கிழமை டிஸ்கஸ் வாங்கத் துணிவு வரவில்லை, ஏஞ்சல் குஞ்சு ஆறு வாங்கி 100 லீட்டர் தொட்டியில் விட்டிருந்தேன். சுத்தமான தண்ணீர் கையில் இருக்கும்போது கிணற்றுத் தண்ணீர் எதற்கு என்று மூன்று நாளில் தொட்டியை முழுக்க ஆர்.ஓ.வுக்கு மாற்றினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் ஆறும் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பி.எச். சோதித்தேன் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). குப்பி கடும் மஞ்சள், அட்டையில் ஆகக் கீழே இருக்கிற நிறம், 6. உண்மையில் அதற்கும் கீழே போயிருக்கலாம், அட்டையில் அதற்குக் கீழே நிறம் இல்லை.

நடந்தது இதுதான். மீன் கழிவில் வருகிற அமோனியாவை ஃபில்டரில் இருக்கிற பக்டீரியா நைத்திரேற்று ஆக்கும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தின்று தீர்ப்பது கே.எச். ஆர்.ஓ. தண்ணீரில் கே.எச். கிட்டத்தட்டப் பூச்சியம், ஆகவே பி.எச். சரிந்துகொண்டே போனது. பி.எச். விழுந்ததும் பக்டீரியாவும் வேலையை நிறுத்தியது, அமோனியா சேர்ந்தது. ஆனால் அமிலத் தண்ணீரில் அது அமோனியமாக, பெரிய ஆபத்தில்லாத வடிவில் இருந்தது. அப்படியே விட்டு மெல்ல மெல்லச் சரி செய்திருந்தால் சிலது பிழைத்திருக்கும். நான் பயத்தில் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினேன். பி.எச். ஒரு அலகு ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு சுமார் பத்து மடங்கு ஏறும். மத்தியானத்துக்குள் ஐந்து மிதந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணிய விட நல்ல தண்ணி எண்டு சொன்னாய், மறுகா ஏன்டா செத்ததுகள்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாகத் தொட்டிக்குள் விட்டதில்லை, கலந்துதான் விடுவேன். கணக்கு சிறுபிள்ளைக் கணக்கு: வேண்டிய பாகையைக் கிணற்றுப் பாகையால் வகுத்தால் கிணற்றுத் தண்ணீரின் பங்கு. கிணறு 18, வேண்டியது 6 என்றால் மூன்றில் ஒன்று கிணறு, மூன்றில் இரண்டு ஆர்.ஓ. கிழமைக்கு 25 லீட்டர் மாற்றினால் கிணறு 8, ஆர்.ஓ. 17. கலந்தபின் கே.எச். 3, 4 இருக்கிறதா என்று பார்ப்பேன். குறைந்தால் அப்பச்சோடா: 100 லீட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு பாகை ஏறும். வேறு வாளியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. கடினத்தில் இருந்து மென்மைக்கு மாற்றுவதையும் கிழமைக்குக் கால் பங்கு என்று ஒரு மாதமாவது இழுத்துச் செய்யுங்கள். மீனின் உடம்பு உப்புக் கணக்கைச் சரிசெய்ய நேரம் வேண்டும்.

கலக்க ஆரம்பித்த பிறகும் என் தொட்டியில் கடினம் ஏறிக்கொண்டே போனது. காரணம் இரண்டு. ஒன்று, கச்சான் காலத்தில் மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் விரைவாக வற்றும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே இருக்கும். குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் தொட்டியின் கடினம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். வற்றியதை நிரப்ப மட்டும் தனி ஆர்.ஓ. விடலாம், அதில் பிழையில்லை. கேட்டவர் சொன்ன வெள்ளைக் கோடும் இப்படி வந்ததுதான். வினாகிரி நனைத்த துணியால் துடைத்தால் போகும், தொட்டிக்குள் ஒழுக விடாதீர்கள். மற்றக் காரணம் எனக்கே வெட்கம். அழகுக்காகக் கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, யாரோ தந்த ஒரு முருகைக்கல் எல்லாம் தொட்டிக்குள் கிடந்தன. ஒரு பக்கம் மெஷின் சுண்ணாம்பை எடுக்கிறது, மறு பக்கம் நான் சுண்ணாம்பை ஊற வைத்திருக்கிறேன். எந்தக் கல்லிலும் இரண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் டிஸ்கஸ் தொட்டிக்கு ஆகாது. மலாவி சிக்லிட்டுக்கு அதே கல் தங்கம்.

சிறிய தொட்டி, 40, 50 லீட்டர் என்றால் மெஷினே வேண்டாம். ஆர்.ஓ. குடிநீர் நிரப்பித் தருகிற இடத்தில் 19 லீட்டர் போத்தல் ஒன்று வாங்கினால் ஒரு கிழமைக்கு மேல் காணும். மீட்டரைக் கையில் கொண்டு போங்கள். குடிப்பதற்குக் கனிமம் சேர்த்திருந்தால் எண் கூடுதலாக இருக்கும், ஆனாலும் கலந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மாரி வந்தால் நான் மெஷினை அநேகமாக நிறுத்திவிடுவேன். நமக்கு வருட மழையில் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை என்று கொட்டித் தீர்க்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீட்டர். பின்பக்கத் தாழ்வாரத்தின் 12 சதுர மீற்றரில் ஒரு நாள் 50 மில்லிமீற்றர் பெய்தால் 600 லீட்டர் கையில். முதல் இரண்டு மழையைப் பிடிக்க மாட்டேன், கூரைப் புழுதியும் கடற்காற்று அப்பிய உப்பும் கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு பிடிப்பது என் மீட்டரில் 20, 30தான். கொசு வலை கட்டிய இரண்டு நீலப் பரல் பின் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தை கடைசியில் நிரப்பி மூடினால் சித்திரை வரைக்கும் ஓடும். அதிலும் கே.எச். பூச்சியம்தான், ஆகவே அதே மூன்றில் ஒன்று கிணறு.

உங்கள் தொட்டி எத்தனை லீட்டர், என்ன மீன், ஜி.எச். எத்தனை சொட்டு என்று எழுதுங்கள், கலவைக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.