நாய் மலம் காய்ந்துவிட்டால் ஆபத்து போய்விடுமா?

கேள்வி: எங்கள் நாய் தோட்டத்திலேயே மலம் கழிக்கிறது. வெயிலில் காய்ந்து செடிக்கு உரமாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். சிமென்ட் தரையில் போனால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுவோம். 3 வயது மகள் அங்கேதான் விளையாடுகிறாள். இப்படி விடலாமா?

பதில்: விடக் கூடாது. ஈரமாக இருப்பதுதான் அசுத்தம், காய்ந்தால் பரவாயில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குடற்புழு விஷயத்தில் கணக்கு தலைகீழ். உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளிவரும் அன்று யாருக்கும் தொற்றாது. உள்ளே இளம்புழு வளர 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அதற்குள் மலம் கரைந்து தடமே இருக்காது. முட்டைகள் மட்டும் அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண்ணை அளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் இளம்புழு கல்லீரல், நுரையீரல் என்று அலையும். அபூர்வமாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையையே கெடுக்கும். கொக்கிப்புழுவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்துவிடும். அரிப்போடு வளைந்து நெளியும் சிவந்த கோடு அதன் அடையாளம்.

ஆகவே அன்றைய மலத்தை அன்றே எடுத்துவிடுங்கள். பையைக் கையுறைபோல் மாட்டி, மலத்தை அள்ளி, பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, காற்றை நீக்கி முடிச்சுப் போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இளகிப் போயிருந்தால் துடைக்கப் போகாதீர்கள், பரவத்தான் செய்யும். மேலே உலர்ந்த மண்ணோ மரத்தூளோ போட்டு, சில நிமிடம் கழித்து, அடி மண்ணையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சிமென்ட் தரையில் முதல் வேலை அள்ளுவது, தண்ணீர் பிறகுதான். பீய்ச்சி அடித்தால் முட்டைகள் பாத்திக்கோ மழைநீர் வடிகாலுக்கோ இடம் மாறுமே தவிர, சாகாது. அள்ளியபின் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றுங்கள். ப்ளீச் ஊற்றினால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. நாய்களுக்குக் கடும் வாந்தியும் ரத்தப் பேதியும் தரும் பார்வோ வைரஸுக்கு அது வேலை செய்யும்: 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து, கழுவிய தரையில் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே போய்விடும். உருண்டைப்புழு முட்டையின் தடித்த ஓட்டை அது எப்படியும் வெல்லாது. சிறுநீர் தேங்கிய இடத்தில் ப்ளீச் ஊற்றவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

உரம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மாட்டுச் சாணம்போல் நாய் மலம் உரமாகாது. மாடு புல் தின்கிறது; நாயின் தீனியில் புரதம் அதிகம். ஒரே இடத்தில் குவியும் நைட்ரஜனால் புல் கருகும். வீட்டு உரக்குழி பெரும்பாலும் முட்டை சாகும் அளவுக்குச் சூடேறுவதில்லை. காய்கறி, கீரைப் பாத்திப் பக்கமே இது போகக் கூடாது. குப்பையில் போட வழியில்லை என்றால் பாத்தி, கிணறு, குழந்தை விளையாடும் இடம் எல்லாவற்றுக்கும் எட்ட, ஒரு அடி ஆழத்தில், பையில்லாமல் புதைக்கலாம்.

அள்ளுவதோடு நிறுத்தினால் வேலை பாதிதான். குட்டிகள் தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே புழுவை வாங்கி வருவதால் 2, 4, 6, 8 வாரங்களில் குடற்புழு மருந்து தர வேண்டும். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

தினமும் அள்ளுகிறவருக்கு இன்னொரு லாபம் உண்டு: நாயின் நோய் முதலில் அவர் கண்ணில்தான் படும். அரிசி மணிபோல் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் நாடாப்புழு. தார் நிறக் கருப்பு, ரத்தம், ஒரு நாளைத் தாண்டும் பேதி இவற்றைக் கண்டால் புதிய மலத்தில் கொஞ்சத்தை மூடிபோட்ட டப்பாவில் எடுத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.