சொல்லும் பொருளும்: ‘பெட்’ பிறந்த கதை

கேள்வி: நாய், பூனை போன்ற வளர்ப்புப் பிராணிகளை ஆங்கிலத்தில் ‘பெட்’ என்கிறார்கள். ‘சிறிய’ என்று பொருள்படும் ‘பெத்தி’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் இப்படிச் சுருங்கிவிட்டது என்று படித்தேன். சரிதானா?

பதில்: பலரும் சொல்லும் விளக்கம் இது. அகராதியாளர்களும் இதை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. ஆனால் இந்தச் சொல் முதன்முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தால், வேறொரு வழி தெரிகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பெட்’ வழங்கியது லண்டனில் அன்று. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட மாவட்டங்களிலும்தான். நெடுங்காலம் அது வட்டார வழக்காகவே இருந்து, மிகவும் பிந்தியே தெற்கே பரவிப் பொதுமொழியில் இடம்பிடித்தது. அந்த வட பகுதியை ஒட்டி வழங்கிய, ஐரிஷ் மொழிக்கு நெருங்கிய உறவுடைய கேலிக் மொழியில் ‘பெத்தா’ என்றொரு சொல் உண்டு. மனிதரோடு பழகிய பிராணிக்கும் அதுதான் பெயர், செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்ட குழந்தைக்கும் அதுதான் பெயர். அதன் பழைய வடிவம் இடைக்கால ஐரிஷ் நூல்களிலேயே காணப்படுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டு பொருளும் இருக்கின்றன என்பதால், கேலிக் மூலமே வலுவானது என்று நான் கருதுகிறேன். ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் நெருங்கிய அரசியல் உறவு இருந்ததால், பிரெஞ்சுச் சொல்லின் சாயல் இதில் படிந்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. எப்படியாயினும் ‘சிறியது’ என்பது இச்சொல்லின் உயிர்ப்பொருள் அன்று.

உயிர்ப்பொருளைக் காட்டுவது ஆட்டுக்குட்டிதான். தாய் ஆடு இறந்துவிட்டாலோ, ஈன்ற குட்டியைச் சேர்க்காமல் முட்டித் தள்ளினாலோ, அந்தக் குட்டியை மந்தையில் விட்டுவைத்தால் பிழைக்காது. அதனால் அதை வீட்டுக்குள் தூக்கிவந்து, அடுப்பங்கரைச் சூட்டில் படுக்கவைத்து, வேளை தவறாமல் கையாலேயே பாலூட்டி வளர்த்தார்கள். பால் கொடுத்த கையை அடையாளம் கண்டுகொண்ட அந்தக் குட்டி, வளர்ந்த பிறகும் மந்தையோடு சேராமல் ஆளின் பின்னாலேயே சுற்றி வரும். அதற்குத்தான் ‘பெட்’ என்று பெயர். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி இச்சொல்லுக்கு நாயையோ பூனையையோ பொருளாகத் தரவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து கையால் வளர்த்த ஆட்டுக்குட்டி என்றே தருகிறது. ஆட்டுக்குட்டி மட்டுமே ‘பெட்’ என்று அழைக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. 1539ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசக் கருவூலக் கணக்கில், அரசரின் ஆணைப்படி சில ‘பெட்’களை வைத்துப் பேணியதற்காக ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுத்த செய்தி பதிவாகியிருக்கிறது.

வீட்டில் வளரும் விலங்கெல்லாம் ‘பெட்’ ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உழவுக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்ப்பவை வேறு. வரலாற்றாசிரியர் கீத் தாமஸ் இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: வீட்டுக்குள் நடமாடும் உரிமை அதற்கு உண்டு, தனக்கென்று ஒரு பெயர் உண்டு, அதை ஒருபோதும் உண்ண மாட்டார்கள். இங்கிலாந்துச் சமூகத்தை வைத்து அவர் சொன்னது இது என்றாலும், எந்த ஊரில் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் பொருந்தும் இலக்கணமாகவே எனக்குப் படுகிறது.

கேள்வி: பழைய ஆங்கிலக் கதைகளில் ஒருவர் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதையும் ‘பெட்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அன்புக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்லா?

பதில்: எழுத்தும் ஒலியும் ஒன்று. ஆனால் அகராதிகள் இவற்றை இரண்டு தனிச்சொற்களாகவே பிரித்து வைக்கின்றன. சிறு ஊடலை, சிடுசிடுப்பைக் குறிக்கும் இந்த ‘பெட்’ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதிகச் செல்லத்தில் வளர்ந்த குழந்தை எடுத்ததற்கெல்லாம் சிணுங்குவதைப் பார்த்து மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கலாம் என்பது சுவையான ஊகம். அதை நிறுவும் சான்று இல்லை. ‘விலங்கு’ சார்ந்த சொல்லோ நன்றாகக் கிளைத்தது. 17ஆம் நூற்றாண்டில் ‘செல்லம் கொடு’ என்ற வினையாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தடவிக்கொடு’ என்ற பொருளையும் பெற்றது. ஆசிரியருக்குப் பிடித்த மாணவர், ஒருவர் விடாமல் பேசும் விருப்பத் தலைப்பு, வீட்டார் வைத்த செல்லப்பெயர் ஆகிய எல்லாவற்றிலும் இச்சொல் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் பக்கத்தில், முன்பின் தெரியாதவரைக்கூட ‘பெட்’ என்று வாஞ்சையோடு விளிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

கேள்வி: ‘பெட்’ என்பது விலங்கை இழிவுபடுத்தும் சொல், ‘துணை விலங்கு’ என்றே சொல்ல வேண்டும் என்கிறார்களே?

பதில்: 2011இல் ‘ஜர்னல் ஆஃப் அனிமல் எதிக்ஸ்’ என்ற ஆய்விதழின் ஆசிரியர்கள் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். ‘உரிமையாளர்’ என்பதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போல்டர் நகரம் தன் விதிகளில் ‘உரிமையாளர்’ என்று இருந்த இடத்தில் ‘பாதுகாவலர்’ என்று எழுதியது. விலங்கு ஓர் உடைமைப் பொருள் அன்று என்ற அவர்களுடைய அக்கறையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ‘உரிமையாளர்’ என்ற சொல்லில் உண்மையிலேயே உடைமை வாடை இருக்கிறது. ஆனால் ‘பெட்’ மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகத் தோன்றவில்லை. சாகக் கிடந்த குட்டியை மடியில் வைத்துப் பாலூட்டியவர்கள் வாயில் வளர்ந்த சொல் அது. சட்டத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘துணை விலங்கு’ வரட்டும். வீட்டுப் பேச்சில் ‘பெட்’ தாராளமாக இருக்கலாம்.

கேள்வி: மருத்துவமனையின் ‘பெட் ஸ்கேன்’, தண்ணீர் விற்கும் ‘பெட் பாட்டில்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. இரண்டும் முதலெழுத்துச் சுருக்கங்கள். முன்னது ‘பாசிட்ரான் எமிஷன் டோமோகிராஃபி’. பின்னது ‘பாலிஎத்திலீன் டெரிஃப்தலேட்’ என்ற பிளாஸ்டிக். வின்ஃபீல்ட், டிக்சன் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் 1941இல் இந்தப் பிளாஸ்டிக்குக்குக் காப்புரிமை கோரினார்கள்; அது முதலில் இழையாகத்தான் பயன்பட்டது, பாட்டிலாக வடிவெடுத்தது 1970களில். படுக்கையைக் குறிக்கும் ‘பெட்’டும் பந்தயத்தைக் குறிக்கும் ‘பெட்’டும் தமிழில் எழுதும்போது மட்டுமே இவற்றோடு ஒன்றாகத் தெரிகின்றன, ஆங்கிலத்தில் அவற்றின் எழுத்தும் ஒலியும் வேறு.