ஃபேஷன் டிசைன் படிக்க ஆசை: எந்தப் படிப்பு, எந்த வேலை?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் அரசுப் பள்ளியிலேயே படித்து, காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நன்றாக வரைவாள். என்னோடு உட்கார்ந்து ஜாக்கெட் வெட்டித் தைக்கவும் பழகியிருக்கிறாள். ஃபேஷன் டிசைன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது, இரண்டரை லட்சம் கட்டினால் வேலை நிச்சயம் என்கிறார்கள். சேர்க்கலாமா? இந்தத் துறையில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா?

பதில்: வேலை இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் மனதில் நினைத்திருக்கும் வேலையும் தொழிலில் ஆள் தேடும் வேலையும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். படிப்பைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25 நிதியாண்டில் அங்கிருந்து சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியானது. அத்தனை ஆடைகளையும் யார் வடிவமைத்தார்கள்? பெரும்பாலானவற்றின் டிசைன் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடமிருந்தே வந்துவிடுகிறது. படம், அளவுப் பட்டியல், துணி, தையல் விவரம் எல்லாம் அடங்கிய ஒரு கோப்பு வரும். டெக் பேக் என்பார்கள். அதைப் பார்த்து சாம்பிள் தைத்து, விலை சொல்லி, ஒப்புதல் வாங்கி, சொன்ன தேதிக்குள் ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்புவதுதான் இங்கே நடக்கும் தொழில். டிசைனர் என்ற நாற்காலி சொந்த டிசைன் ஸ்டூடியோ வைத்திருக்கும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களிலும், உள்நாட்டு பிராண்டுகளிலும், பொட்டிக்குகளிலும் உண்டு. எண்ணிக்கையில் அவை குறைவு. பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசர், துணி வெட்டுவதற்கான தாள் அச்சை (பேட்டர்ன்) போடும் பேட்டர்ன் மாஸ்டர், சாம்பிளிங் பொறுப்பாளர், தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் என்று மற்ற நாற்காலிகள்தான் அதிகம். அதிலும் நல்ல பேட்டர்ன் மாஸ்டர் கிடைக்காமல் கம்பெனிகள் அலைவதை நான் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய மாஸ்டர்கள் டேபிளில் நின்று பழகி வந்தவர்கள். அவர்கள் இடத்துக்கு வர, கையிலும் கணினியிலும் பேட்டர்ன் போடத் தெரிந்த இளைஞர்கள் போதவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: வரைந்ததை உடையாக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பைத் தேடுங்கள். வரைவதை மட்டும் கற்றுக்கொடுத்து, ஆண்டுக்கு ஒரு ஃபேஷன் ஷோ நடத்தும் இடம் வேண்டாம்.

ஒரு சாதாரண அரைக்கை டி-ஷர்ட்டை வைத்துப் பார்த்தாலே இது புரியும். உடல் நீளம் 72 செ.மீ., அரை மார்பு 54, கை நீளம் 22, துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி (மெல்லிய பனியன் துணி) என்று பையர் கேட்கிறார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 100 சதுர செ.மீ. வட்டத்தை வெட்டித் தரும் சிறிய கட்டர் எல்லா கம்பெனியிலும் இருக்கும். வெட்டிய வட்டம் 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம். சரி, ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும்? நீளம், கை இரண்டையும் கூட்டி, மடிப்பு, தையல், சுருக்கத்துக்கு 10 செ.மீ. சேர்த்தால் 104. மார்புக்கு 4 சேர்த்தால் 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரட்டித்தால் 12,064 சதுர செ.மீ. அதை 180 ஜிஎஸ்எம் கணக்கில் எடையாக்கினால் சுமார் 217 கிராம். அதற்கு மேல் வெட்டுச் சேதாரம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவரைத்தான் மெர்ச்சண்டைசிங் நேர்காணலில் எடுப்பார்கள். கட்டிங் டேபிளில் பேட்டர்னை நெருக்கி அடுக்கி ஒரு டி-ஷர்ட்டுக்கு 10 கிராம் மிச்சம் பிடித்தால், 10,000 பீஸ் ஆர்டரில் 100 கிலோ துணி மிஞ்சும். ஆர்டரின் லாபமே சில சமயம் அவ்வளவுதான்.

அப்புறம் சுருக்கம். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும் துணியை 72 செ.மீ.க்கே தைத்தால், முதல் துவைப்பில் 68.4 ஆகிவிடும். வாங்கியவருக்கு ஒன்றிரண்டு சைஸ் குறைந்தது போலிருக்கும். ஆகவே பேட்டர்னிலேயே நீளத்தை 75.8 வைக்க வேண்டும். துவைத்த பிறகு பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவதைப் பார்த்திருப்பீர்கள். டெய்லர் மேல் பழி போடுவார்கள். சிங்கிள் ஜெர்ஸியில் பெரும்பாலும் அது நூலின் முறுக்கில் இருந்து வரும் குறை. தையலும் அப்படித்தான். நீங்கள் ஜாக்கெட்டுக்குப் போடும் சாதாரண மிஷின் தையல் இழுத்தால் நீளாது. டி-ஷர்ட்டின் கழுத்தை அதில் தைத்தால் தலையை நுழைக்கும்போதே நூல் அறுந்துவிடும். அதற்குத்தான் ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள். நெய்த துணியில் உங்கள் மகளுக்கு இருக்கும் பழக்கம் நல்ல அடித்தளம். பனியன் துணியை அவள் புதிதாகக் கற்க வேண்டும்.

இப்போது படிப்புகளுக்கு வருகிறேன். அவள் காமர்ஸ் குரூப் என்பதால் சில கதவுகள் மூடியிருக்கும், சில திறந்திருக்கும்.

என் முதல் பரிந்துரை பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவர்களையும் சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. ஜவுளி, பேட்டர்ன், தையல், சாயம், கணினி வடிவமைப்பு எல்லாம் பாடத்தில் வரும். தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருப்பதுதான் பெரிய வசதி. விடுமுறையில் பயிற்சிக்குப் போக வெளியூரில் அறை தேட வேண்டியதில்லை.

நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் 1986-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னை தரமணியிலும் அதன் வளாகம் இருக்கிறது. அங்குள்ள நான்கு ஆண்டு பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். பின்னலாடை வடிவமைப்புக்கென்றே சென்னையில் தனிப் பிரிவு உண்டு. நுழைவுத் தேர்வில் படைப்புத் திறன், பொதுத் திறன் இரண்டும் பார்த்து, அடுத்த சுற்றில் கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு மாதிரியைச் செய்யச் சொல்வார்கள். நன்றாக வரைகிறாள், கை வேலை தெரியும் என்றால் முயன்றே பார்க்க வேண்டும். கட்டணம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 10 லட்சத்தைத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் இருப்பதால், தொகையைப் பார்த்தவுடனே விட்டுவிடாதீர்கள். நிஃப்ட்டின் மற்றொரு படிப்பான பி.எஃப்.டெக். (ஃபேஷன் தொழில்நுட்பம்) கணிதம் கேட்கும்.

பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி, டெக்ஸ்டைல் டெக்னாலஜி இரண்டும் பொறியியல் கலந்தாய்வு வழியாக, கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கு. உற்பத்திப் பக்கம் வேகமாக மேலே போக நல்ல படிப்பு. 30 டெய்லர்கள் 480 நிமிடம் உட்கார்ந்து, 8 நிமிட வேலையுள்ள டி-ஷர்ட்டை 900 தைத்தால், அந்தத் தையல் வரிசையின் (லைன்) திறன் 50 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டு, மீதி நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பவர் அந்தப் பொறியாளர். இந்தக் கதவு உங்கள் மகளுக்கு அடியோடு மூடிவிடவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் பாலிடெக்னிக்கில் இந்தத் துறை டிப்ளமோ மூன்று ஆண்டு முடித்தால், பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஆறு ஆண்டு ஆகும். உற்பத்தியில்தான் அவளுக்கு ஆர்வம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

உடனே சம்பாதிக்க வேண்டிய நிலை இருந்தால் ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பப் பிரிவும், ஏடிடிசி என்கிற ஆடைத் தயாரிப்புப் பயிற்சி மையங்களின் குறுகியகாலப் பயிற்சிகளும் இருக்கின்றன. திருப்பூரிலும் ஒரு மையம் உண்டு.

நீங்கள் கேட்ட இரண்டரை லட்ச டிப்ளமோவை முதல் படிப்பாக எடுக்க வேண்டாம். பட்டம் முடித்தவர்கள் ஒரு குறிப்பிட்ட திறமைக்காக இப்படிப் படிப்பது வேறு. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அந்தச் சான்றிதழை வைத்து மேற்படிப்புக்குப் போக முடியுமா, யார் தருகிறார்கள், எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு அங்கீகரித்தது என்று எழுத்தில் கேளுங்கள். “வேலை நிச்சயம்” என்பதையும் எழுதிக் கேளுங்கள். எந்த கம்பெனி, என்ன பதவி? துணிக்கடை விற்பனைப் பிரிவில் நிற்க வைத்துவிட்டு அதையும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்க்கும் இடங்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் சேர்ந்தால் அதுவும் போய்விடும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். தையல் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு மிஷின் தெரியும், அதனால் உங்களை ஏமாற்ற முடியாது. தொழிற்சாலை மிஷின்களா, வீட்டு மிஷின்களா? ஓவர்லாக், பேட்லாக் ஓடும் நிலையில் இருக்கின்றனவா, தூசி படிந்திருக்கின்றனவா? நின்று வெட்ட பேட்டர்ன் டேபிள் எத்தனை? ஜிஎஸ்எம் கட்டர், துவைத்துச் சுருக்கம் பார்க்கும் வசதி உண்டா? கெர்பர், லெக்ட்ரா, டுகாகேட் மாதிரி பேட்டர்ன் மென்பொருள் எத்தனை கணினியில் இருக்கிறது? இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம், “நீயாகப் பேட்டர்ன் போட்டு இதுவரை எத்தனை உடை தைத்திருக்கிறாய்?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை நம்புங்கள், விளம்பரத் தாளை விட்டுவிடுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் மகளிடம் மறைக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் சுமார்தான். ஷிப்மெண்ட் நெருங்கினால் வீடு திரும்ப இரவாகும். தொழிலே உலகச் சந்தையை நம்பியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் பல ஆர்டர்கள் அப்படியே நின்றன. அந்த மாதிரி நேரத்தில் ஒரே ஒரு பையரின் மெயிலுக்குப் பதில் எழுத மட்டும் தெரிந்தவருக்குச் சிரமம். பேட்டர்னும் காஸ்டிங்கும் தெரிந்தவர் உள்நாட்டு பிராண்டுக்கும் போகலாம், கரூரின் வீட்டு ஜவுளிக்கும் போகலாம். காஸ்டிங்கில் காமர்ஸ் படித்த உங்கள் மகளுக்குக் கூடுதல் பலமும் உண்டு. நூல் விலை, நிட்டிங், சாயக்கூலி, சேதாரம், தையல் கூலி, லாபம் என்று ஒரு தாளில் விலையைக் கட்டுவது அவளுக்குப் பிடிபட்டுவிடும். வெளியூரில் சேரும்போது விடுதியையும் போக்குவரத்தையும் நேரில் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அந்தக் குழு இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

நிஃப்ட் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடும். இந்த ஆண்டுக்குத் தவறியிருந்தால் பி.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டு அடுத்த தேர்வை எழுதட்டும். அந்த இரண்டரை லட்சத்தில் சிறு பகுதியைச் செலவழித்து, கடைக்கு ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் வாங்கிப் போடுங்கள். வகுப்பு தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் ஒரு பழைய டி-ஷர்ட்டைத் தையல் தையலாகப் பிரித்து, தாளில் பேட்டர்ன் எடுத்து, பனியன் துணியில் புதிதாக ஒன்று தைக்கட்டும். தைத்ததும் ஒரு முறை, துவைத்துக் காயவைத்து ஒரு முறை அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள்.