க்ளூகரில் கேம்பர் டிரெய்லர் மாட்டி இழுப்பது: கேட்டதும் சொன்னதும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் சிட்னியின் மேற்குப் பகுதித் தமிழர்களிடமிருந்து காருக்குப் பின்னால் கேம்பர், அதாவது தங்கிப் படுக்கும் டிரெய்லர், இழுப்பது பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் வைக்கும் டோ பார் பொருத்துவதும் டிரெய்லர் பிரேக் பார்ப்பதும் என் தொழில். இந்த வாரம் வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியதை எடுத்துக்கொண்டேன்.

டூங்காபியிலிருந்து: அண்ணா, என்னிடம் இருப்பது டொயோட்டா க்ளூகர் ஹைபிரிட். 2,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்திருக்கும் கேம்பரின் ஏ.டி.எம்., அதாவது சாமானோடு அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, 1,600 கிலோ. தாராளமாகப் போகலாம்தானே?

இழுப்பது ஒரு கணக்கு, சுமப்பது வேறு கணக்கு. அந்த 2,000 இழுக்கும் கணக்கு, அதுவும் டிரெய்லரில் பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லையென்றால் 700 கிலோதான். உங்களுக்கு இடிக்கப்போவது சுமக்கும் கணக்கு.

டிரெய்லரின் முன்பக்கம் டோ பாரின் நுனியில் உள்ள உருண்டையான டோ பாலின் மேல் உட்காருகிறது. அந்த எடை டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லாரும் பின்பற்றும் அளவு. 1,600 கிலோ கேம்பர் என்றால் 160 கிலோ. அந்த 160-ஐச் சுமப்பது உங்கள் கார். காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையான ஜி.வி.எம்.முக்குள் அதுவும் அடங்க வேண்டும்.

கணக்குக்காக, டேங்க் நிறைந்த வெறும் வண்டி 2,000 கிலோ, ஜி.வி.எம். 2,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 600. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் ஏறினால் 400 போயிற்று. டோ பார் 35. டோ பால் எடை 160. மீதி 5 கிலோ, அதாவது ஒரு சின்ன அரிசிப் பை. கூரைப் பெட்டி, ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எதற்கும் இடமில்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து உங்கள் எண்களைப் போடுங்கள். ஆறு பேர் போகிற குடும்பம் என்றால் 1,600 கிலோ கேம்பரை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். 1,200 போதும்.

பென்டில் ஹில்லிலிருந்து: அண்ணை, எங்கட டொயோட்டா ரேவ்4 ஹைபிரிட் சின்னக் கேம்பர் ஒண்டை இழுக்குமோ? கடைக்காரர் ஓம் எண்டு சொல்லுறார்.

எந்த ரேவ்4 என்று அவர் கேட்டாரா? 2019-இல் வந்த மாடலில், நான்கு சக்கரமும் இயங்கும் ஹைபிரிட் 1,500 கிலோ இழுக்கும். அதே உருவத்தில், முன் சக்கரம் மட்டும் இயங்கும் ஹைபிரிட்டுக்கு 480 கிலோதான் அனுமதி. குப்பை கொட்டப் போகும் பெட்டி டிரெய்லருக்கே அது இழுபறி. கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பிளாக்டவுனிலிருந்து: பழைய கேம்பர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பிரேக் கன்ட்ரோலர் தேவையில்லை என்கிறார் விற்பவர். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். டிரெய்லரின் சக்கரங்களில் இறங்கும் எடை, அதாவது ஜி.டி.எம்., 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோ வரை ஓவர்ரைடு பிரேக் போதும் என்று சட்டம் விட்டிருக்கிறது. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே அது பிடித்துக்கொள்ளும், காருக்குள் எதுவும் பொருத்த வேண்டாம். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

ஆனாலும் குடும்பத்தோடு மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் போகிறவர்களுக்கு எலெக்ட்ரிக் பிரேக்கும் அதைக் காருக்குள்ளிருந்து இயக்கும் ஒரு கன்ட்ரோலரும்தான் என் சிபாரிசு. ஓவர்ரைடு பிரேக்கைத் தனியாகப் பிடிக்க உங்களிடம் வழி கிடையாது. அந்த வழி எதற்கு என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வென்ட்வொர்த்வில்லிலிருந்து: ஹியூம் ஹைவேயில் பெரிய லாரி தாண்டும்போது டிரெய்லர் வாலாட்டுகிறது. பயத்தில் என் மனைவி இனி வரமாட்டேன் என்கிறார்.

பயப்பட வேண்டிய விஷயம்தான், அவர் சொல்வதில் தப்பில்லை. லாரி தள்ளிவிடும் காற்று ஒரு தூண்டுதல் மட்டுமே. சரியாகச் சுமை ஏற்றிய டிரெய்லர் ஒரு முறை அசைந்து அடங்கிவிடும். உங்களுடையது அடங்கவில்லை என்றால் பின்பாரம் அதிகம் என்றே நினைக்கிறேன். பின்னால் ஸ்பேர் டயர், ஜெரி கேன், சைக்கிள் என்று தொங்கவிட்டிருக்கிறீர்களா? அவை பின்பக்கத்தை அழுத்த, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், டோ பால் எடை குறைந்துபோகும். கனமானதை எல்லாம் அச்சுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ, தரையோடு தாழ்வாக வையுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 80 லிட்டர் என்றால் 80 கிலோ. அது அச்சுக்கு முன்னால் இருந்து, பாதி வழியில் காலியானால் கணக்கே மாறிவிடும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், வேகம் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, கன்ட்ரோலரில் உள்ள பட்டனைக் கையால் அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கொடுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல வண்டி நேராகும். அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடாமல் கை போக வேண்டும். புறப்படும் முன் மனைவியிடமும் காட்டிவையுங்கள்.

அதே வாசகர்: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் சரியாகுமா?

டோ பாலில் இறங்கும் எடையைக் காரின் முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்துவிடும் இணைப்பு அது. சுமை ஏற்றும் தவறை அது திருத்தாது. சில கார் கம்பெனிகள் அதை அனுமதிப்பதும் இல்லை, கையேட்டைப் பாருங்கள். காரின் பின்பக்கம் இறங்குகிறது என்று ஸ்பிரிங்கில் காற்று நிரப்பும் ஏர் பேக் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி மட்டமாக நிற்கும், ஆனால் ஜி.வி.எம். ஒரு கிலோகூட உயராது.

ஆபர்னிலிருந்து: எடையை எங்கே எப்படிப் பார்ப்பது?

பொது எடைமேடைக்குப் போங்கள். ஊருக்குக் கிளம்பும் கோலத்திலேயே, ஆட்களும் சாமானும் தண்ணீருமாக. டிரெய்லரை மாட்டியபடியே காரின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் வரும் எண்ணை ஜி.வி.எம்.மோடு ஒப்பிடுங்கள். பிறகு டிரெய்லர் சக்கரங்களை மட்டும் ஏற்றினால் ஜி.டி.எம்.மோடு ஒப்பிட வேண்டியது. காரிலிருந்து கழற்றி, முன்னால் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலோடு மேடையில் நிறுத்தினால் டிரெய்லரின் முழு எடை, அது ஏ.டி.எம்.முக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ பால் எடை. இன்ஷூரன்ஸ்காரர் விபத்துக்குப் பிறகு தேடுவதும் இதே எண்களைத்தான்.

மேஸ் ஹில்லிலிருந்து: மகனுக்கு இப்போதுதான் சிவப்பு பி கிடைத்தது. மாற்றி மாற்றி ஓட்டலாமா?

நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு பி, அதாவது புதிதாக ஓட்டுபவருக்கான முதல் கட்ட லைசென்ஸ், வைத்திருப்பவர் 250 கிலோவுக்கு மேல் வெறும் எடையுள்ள டிரெய்லரை இழுக்கக் கூடாது. அடுத்த கட்டமான பச்சை பி வரட்டும்.

பரமட்டாவிலிருந்து: நாளை காலை கிளம்புகிறோம். இன்றைக்குள் என்ன செய்யலாம்?

காரின் பின் டயர்களில் முழுச்சுமைக்கு உரிய காற்று. டிரெய்லர் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால், டயரின் மேல் வரிகள் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலி இருந்தால், டோ பாலைக் கவ்வும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கப்ளிங் கழன்றாலும் முன்பக்கம் ரோட்டில் குத்தாது. சங்கிலியைக் காரோடு பூட்டும் ஷேக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். தள்ள முடியாதென்றால், முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி டிரெய்லர் சக்கரங்களின் நடுவில் உள்ள இரண்டு ஹப்பின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு சகஜம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது, இல்லை பிரேக் உரசுகிறது. அங்கிருந்து மேலே ஓட்டாதீர்கள்.