கண்ணீர் வரவழைப்பது குற்றமா?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால், பூங்காக்களில் அடைத்துவைக்கப்பட்ட ஓர்க்கா திமிங்கிலங்களைப் பற்றிய ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் பார்த்தேன். தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும் இடத்தில் அழுதுவிட்டேன். மறுநாள் ஒரு நெருடல். உருக்கும் இசை, பொறுக்கியெடுத்த காட்சிகள், எதிர்த்தரப்பின் குரலே இல்லை. விளம்பரங்களும் இதைத்தானே செய்கின்றன? எட்டு வயது மகளுக்குக் காட்டலாமா என்றும் குழப்பம்.

கே.

அன்புள்ள கே,

அந்த நெருடலை விட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர்க்காக்களை வைத்துக் காட்சி நடத்தும் அமெரிக்கக் கடல் பூங்கா நிறுவனமான சீவேர்ல்ட் பேட்டி தர மறுத்துவிட்டது என்பதைப் படமே சொல்கிறது.

குட்டியைப் பிரிப்பது படத்தில் ஒருமுறை மட்டும் வருவதில்லை. என்னை உலுக்கியது 1970இல் வாஷிங்டன் மாநிலக் கடலில் நடந்தது. பிடிக்கப் போனவர்களில் ஒருவரான தாடிவைத்த முதியவர் அதைச் சொல்கிறார். ஓர்க்கா குட்டியைத் தூளியில் ஏற்றுகிறார்கள். கொஞ்சம் தள்ளி அதன் மொத்தக் குடும்பமும் வரிசையாக நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அழுதாராம், ஆனால் வேலையை நிறுத்தவில்லையாம். வலையில் செத்துக் கிடந்த மூன்றின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, வாலில் நங்கூரம் கட்டி மூழ்கடித்ததையும் அவரேதான் சொல்கிறார். தன் வாழ்நாளில் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான் என்கிறார்.

அந்த முகத்துக்கு எந்த இசையும் தேவையில்லை. படத்தின் பலமே இதுதான்: செய்தவர்களே வந்து சொல்கிறார்கள். சீவேர்ல்டின் முன்னாள் பயிற்சியாளர்கள், தாங்கள் அன்று சிரித்துக்கொண்டே மேடையில் ஒப்பித்த பொய்களை இன்று வெட்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். எந்த விளம்பரத்தில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்? சொல்லப்போனால், இசையும் கைதட்டலுமாக நடக்கும் அந்தப் பூங்காவின் குளத்துக் காட்சியும் ஒரு பிரச்சாரம்தான். அதற்கு நாம் காசு கொடுத்துப் போகிறோம்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டாலும் சரிபார்க்கக்கூடிய விவரங்கள் மிஞ்சுகின்றன. படத்தின் மையமான திலிகும் என்ற ஆண் ஓர்க்கா 1983இல் ஐஸ்லாந்து கடலில் பிடிபட்டபோது அதற்குச் சுமார் இரண்டு வயது. 1991, 1999, 2010 என மூன்று மனித மரணங்களோடு அது தொடர்புபட்டது. இதெல்லாம் பதிவில் இருப்பவை.

உங்கள் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 1970 காட்சியைப் பார்ப்பவர்கள், இன்றும் கடலில்தான் பிடித்துவருகிறார்கள் என்று எண்ணிவிடக்கூடும். படம் வந்த 2013இல் சீவேர்ல்டிடம் இருந்த ஓர்க்காக்களில் பெரும்பாலானவை தொட்டியிலேயே பிறந்தவை. இயக்குநர் கேப்ரியலா கௌபர்த்வெயிட் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாலும் படம் வலுவிழந்திருக்காது. தொட்டியில் பிறந்த குட்டியையும்தானே வேறு ஊர்ப் பூங்காவுக்கு அனுப்பினார்கள்? தாய் குளத்தின் மூலையில் நடுங்கியபடி கதறியதாக ஒரு பயிற்சியாளர் சொல்கிறாரே, அது பூங்காவுக்குள் நடந்தது.

2016 மார்ச்சில் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீவேர்ல்ட் அறிவித்தது. படம் கிளப்பிய எதிர்ப்புக்கு அதில் பெரும் பங்குண்டு. திலிகுமுக்கு அதனால் எதுவும் மாறவில்லை. 2017 ஜனவரியில் சீவேர்ல்ட் பூங்காவிலேயே இறந்தது.

மகளுக்கு இப்போது வேண்டாம். 2010இல் பயிற்சியாளர் இறந்த அன்று வந்த அவசரத் தொலைபேசி அழைப்போடுதான் படம் தொடங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகட்டும். அப்போதும் தனியாகப் பார்க்க விடாதீர்கள், கூடவே உட்காருங்கள். நடுவில் அவள் ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.