பட்டறை பதில்கள்: கருவைக் காட்டுக்கு எந்த ரம்பம்?

பரமக்குடியில் பட்டறை போட்டு 26 வருடம் ஆகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரம் அறுக்கும் மிஷினைப் பற்றித்தான். மழைக்கு முன்னால் கருவையை அழித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

அண்ணே, அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் பதினைந்து வருடமாக உழவில்லாமல் சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது. நானே அறுத்துச் சுத்தம் செய்யலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), ஏழாயிரம் ரூபாய் என்கிறான். கம்பெனி மிஷின் 45 சிசிதான், விலையோ நாலு மடங்கு. சிசி கூட இருப்பதுதானே நல்லது?
— வாசகர், முதுகுளத்தூர்

தம்பி, மிஷின் வாங்கும் முன் ஒரு கேள்வி. கரிமூட்டம் போடுகிறவர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டினீர்களா? நம் பக்கம் இந்த மரத்துக்கு விலை உண்டு. மூட்டக்காரர் தன் ஆட்களோடு வந்து வெட்டி, கட்டையை ஏற்றிக்கொண்டு, உங்கள் கையிலும் ஏதோ கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு தூரைப் பிடுங்க ஜேசிபிக்கு மட்டும்தான் உங்களுக்குச் செலவு. தூரைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டால் அது விவசாயம் இல்லை, கருவைக்கு முடி வெட்டிவிடுகிற வேலை. ஒரு மழை பெய்தால் தூரைச் சுற்றிப் பத்துக் கிளை வெடிக்கும்.

இல்லை, வரப்போரம் வருடா வருடம் வளர்வதை நானே பார்த்துக்கொள்வேன் என்றால் வாங்குங்கள். ஆனால் அந்த 58 சிசி வேண்டாம். அந்த எண் ஸ்டிக்கரில் இருக்கிறது. நான் பிரித்து பிஸ்டனை அளந்து பார்த்த சில மிஷின்களில் அவ்வளவு வரவில்லை.

அதைவிடப் பெரிய வம்பு அந்த 22 இஞ்ச் பார். கருவை ஒற்றை அடிமரமாகவா நிற்கிறது? ஒரே தூரிலிருந்து ஐந்தாறு கிளை நாலாபக்கமும் வளைந்து கிடக்கும். தொடைப் பருமனைத் தாண்டுவது அபூர்வம். முன்னால் உள்ள கிளையை நீங்கள் அறுக்கும்போது, பாரின் நுனி பின்னால் கிடக்கிற கிளையில் போய் முட்டும். நுனியின் மேல்பாதியில் ஓடுகிற செயின் கட்டையைத் தொட்டால் போதும், மிஷின் எகிறி முகத்துக்கு நேராக வரும். கிக்பேக் என்பார்கள். கையை எடுக்க நேரம் இருக்காது. 16 இஞ்ச் பார் போதும், மிஞ்சினால் 18. இன்ஜின் 45-லிருந்து 50 சிசிக்குள்.

ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும் பழைய பெயர்கள். ஸ்டில் ஜெர்மனியில் 1926-ல் ஆரம்பித்தது. ஹஸ்க்வர்னா சுவீடனில் 1689-லேயே துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கி, 1959-ல்தான் மர ரம்பத்துக்கு வந்தது. ஸ்டிலில் எம்.எஸ். 250, ஹஸ்க்வர்னாவில் 445, இரண்டுமே 45 சிசி சொச்சம். உங்கள் வேலைக்கு இரண்டில் எதுவும் பொருந்தும். ஆனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைக்குப் போய் மூன்று பொருள் கேளுங்கள்: ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், கிளட்ச் டிரம், ஆயில் பம்ப். அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினால் அங்கே மிஷின் வாங்கலாம். "ஆர்டர் போட்டா வந்துரும் சார்" என்றால் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். என் பட்டறையில் தூசி படிந்து தொங்குகிற மிஷின்களில் முக்கால்வாசி இன்ஜின் கெட்டு வந்ததில்லை. சின்ன பாகம் ஒன்று கிடைக்காமல் தொங்குகிறது.

வாங்கும்போது இன்னும் ஒன்று. மிஷினை ஓட்டச் சொல்லி, பார் நுனியை ஒரு அட்டைக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொல்லுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் செயினுக்கு எண்ணெய் போகவில்லை.

வாங்கி எட்டே நாள். கயிற்றை இழுத்தால் அசையவில்லை. இன்ஜின் ஜாம், வாரண்டி கிடையாது என்கிறார் கடைக்காரர். என்ன நியாயம் இது?
— வாசகர், பேராவூரணி

கோபப்படாமல் ஒன்றை யோசியுங்கள். அன்று டேங்கில் என்ன ஊற்றினீர்கள்?

கஜா அடித்த 2018 நவம்பரில் இரண்டு மிஷினோடு உங்கள் ஊர்ப் பக்கம்தான் வந்திருந்தேன். ரோட்டில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து வழிவிடுகிற வேலை. மூன்றாம் நாள், கூட வந்த பையன் அவசரத்தில் பைக்கிலிருந்து பிடித்த வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டான். மிஷின் முன்னைவிட வேகமாகக் கீச்சென்று ஓடியது. அவனுக்கு ஒரே சந்தோஷம். பத்து நிமிடத்தில் அப்படியே நின்றது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் நெடுக்காகப் பூனை பிராண்டியது மாதிரி கோடுகள். அலுமினியம் இளகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலில் கலந்து வருகிற ஆயில்தான் எல்லாம்.

உங்கள் கடைக்காரரும் சைலன்சரைக் கழற்றிக் காட்டட்டும். கோடு இருந்தால் வாரண்டி கேட்டுப் பயனில்லை. பிஸ்டன் பளபளவென்று இருந்தால் விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

இனிமேலாவது அளவு: கம்பெனி சொல்கிற நல்ல ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) என்றால் 40. மூடி அளவெல்லாம் வேண்டாம், மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும். கேனில் கலந்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாபிரம் என்கிற மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப்போகும். அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு செயின் மாற்றுகிறேன். கட்டுப்படியாகவில்லை.
— வாசகர், கமுதி

மாற்றுகிறீர்களா, தீட்டுகிறீர்களா? செயினுக்கு உருண்டை அரம் போடத் தெரியாதவருக்கு எந்த மிஷின் கொடுத்தாலும் ஒன்றுதான். .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு, இஞ்சில்) செயின் என்றால் 4.8 மில்லிமீட்டர் அரம். சின்ன மிஷினில் வருகிற லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர். உள்ளிருந்து வெளியே தள்ளித்தான் தீட்ட வேண்டும், இழுத்துத் தீட்டக் கூடாது. இந்தப் பக்கப் பல்லுக்கு நாலு தள்ளு என்றால் அந்தப் பக்கத்துக்கும் நாலு. கூடக் குறைய ஆனால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும்.

மொட்டையாகிவிட்டதா என்று கீழே விழுகிறதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி பறந்தால் நிறுத்துங்கள். கருவை கடுமையான மரம்தான், ஆனால் உங்கள் செயினைத் தின்பது கருவை இல்லை, மண். தரையோடு அறுக்கிறேன் என்று நுனியை ஒரு விநாடி மண்ணில் விட்டால் காலையில் போட்ட கூர் போச்சு. தூரைச் சுற்றி மண்வெட்டியால் தள்ளிவிட்டு, பட்டையில் ஒட்டிய மண்ணை அரிவாளால் சீவிவிட்டு அறுங்கள்.

வீட்டுக்காரர் லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு ரம்பம் பிடிக்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார்.
— வாசகி, இளையான்குடி

கேட்பாரா தெரியவில்லை தங்கச்சி, எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை, முழு வேகத்தில் அந்தச் செயின் விநாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. லுங்கி நுனி சிக்கினால் துணி மட்டும் போகாது. பூட்ஸ், ஒட்டின பேன்ட், கண்ணாடி, காதுக்கு அடைப்பான். இதற்கென்றே உள்ளே நூல் அடைத்த பேன்ட் விற்கிறது. செயின் பட்டால் அந்த நூல் பிய்ந்து பல்சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். விலை கூடத்தான்.

பழைய மிஷின் ஒன்று சல்லிசாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், மானாமதுரை

இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியில் மிஷினைத் தொங்கவிடுங்கள். விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பிறகு முன்னால் இருக்கிற கைக்காப்பை முன்பக்கம் தள்ளுங்கள். டக்கென்று செயின் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தோட்டத்தில் நாலு பனை இடைஞ்சலாக நிற்கிறது. எந்த செயின் போட்டால் சீக்கிரம் அறுக்கும்?
— வாசகர், சாயல்குடி

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும், 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். அனுமதியோடு வந்தாலும் பனைக்கு நான் மிஷின் எடுப்பதில்லை. வேறு ஆள் பாருங்கள்.