சத்துர்னியா வெந்நீர் அருவிக்கு ஏது டிக்கெட்?

கேள்வி: ஜூன் கடைசியில் ரோமுக்குப் போகிறோம். ஒரு நாள் சத்துர்னியா வெந்நீர் அருவிக்கும் போக ஆசை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அருவி நுழைவுச்சீட்டு தலைக்கு 45 யூரோ என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? பஸ்ஸில் போய்வர முடியுமா?

பதில்: அந்த 45 யூரோவைக் கட்டாதீர்கள். பழைய மில் ஒன்றின் பக்கத்தில், சுண்ணாம்புப் படிந்து கிண்ணம் கிண்ணமாக இருக்கும் அந்த அருவியில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம், ராத்திரியிலும்கூட. காசு கேட்பது பார்க்கிங்குக்கு மட்டும்தான். இல்லாத கேட்டுக்கு டிக்கெட் விற்கும் ஆட்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகுகிறார்கள்.

ஆனால் நியாயமான டிக்கெட் ஒன்று உண்டு. ஊற்று கிளம்பும் இடத்தில் ஒரு ஸ்பா ஓட்டல் இருக்கிறது. அதன் குளங்களுக்கு நாள் கட்டணம் உண்டு. அங்கே 37.5 டிகிரியில் வரும் அதே தண்ணீர்தான் கொரெல்லோ ஓடையாக ஓடி அருவியில் விழுகிறது. தண்ணீருக்காக அங்கே பணம் கட்ட வேண்டாம். அம்மாவுக்காகக் கட்டலாம். அருவியில் பாறை பாசி பிடித்து வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. முழங்கால் வலிக்காரர் அங்கே இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். ஓட்டலில் கைப்பிடி, படிக்கட்டு, உடை மாற்றும் அறை எல்லாம் உண்டு. ஏஜென்ட் விற்பது அந்தச் சீட்டாக இருந்தால், ஓட்டலின் சொந்த இணையதளத்தில் விலையைப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்குங்கள். ‘அருவி’ என்று அச்சிட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பஸ்ஸை மறந்துவிடுங்கள். ரயிலில் குரோசெத்தோ வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அட்டவணையில் ‘ஸ்கொலாஸ்திகோ’ என்று போட்டிருந்தால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும் அந்த பஸ் ஓடும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் ஏது? ஊருக்கு ஆள் வரும் கோடையில் பார்த்து பஸ்ஸைக் குறைக்கும் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல!

ஆகவே கார்தான். ரோமிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். ஆர்.டி.ஓ. கொடுக்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் கையில் இருக்கட்டும். இணையத்தில் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று விற்கும் பளபள அட்டை எதற்கும் உதவாது. காரை நகருக்குள் எடுக்காமல் விமான நிலையத்திலேயே எடுங்கள். இத்தாலியில் பழைய நகர்ப்பகுதிகளுக்குள் வெளி வண்டி நுழையத் தடை உண்டு, வாசலில் கேமரா இருக்கும். பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ (‘வாசல் ஆக்டிவ்’) என்று எரியும். ‘ஆக்டிவ்தானே, வழி திறந்திருக்கிறது’ என்று நம்மவர்கள் உள்ளே போய்விடுகிறார்கள். தடை அமலில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நானும் ஒரு முறை அப்படித்தான் போனேன். வாடகை நிறுவனம் என் கார்டில் ஒரு தொகையை எடுத்தது. அபராதம் தீர்ந்தது என்று நினைத்தேன். அது என் பெயரைப் போலீசுக்குச் சொன்னதற்கான கூலியாம்! அசல் அபராதம் எட்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது.

நேரம் மிஞ்சினால் பக்கத்திலுள்ள பித்திலியானோ என்ற பாறை மேல் ஊரைப் பாருங்கள். பாறை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் நீங்கள் தங்கும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும்.